தொடுமுனையின் கதை: மின்பலகை இணைப்பான்கள் வளர்ந்த வரலாறு

முன்னுரை

நம் சங்க மலருக்கு வழக்கமாகச் சமண நூல்களைப் பற்றியோ, வந்தவாசி, செஞ்சிப் பகுதிக் கல்வெட்டுகளைப் பற்றியோதான் எழுதி வந்திருக்கிறேன். இம்முறை மலர்க்குழு அன்பர் ஒருவர், "நயினாரே, நாற்பது வருஷமா எஸ்.பி. ரோட்டில் கடை வைத்திருக்கிறீர்கள். உங்கள் சரக்கைப் பற்றி ஒரு தடவையாவது எழுதக்கூடாதா?" என்று கேட்டுவிட்டார். யோசித்துப் பார்த்தேன். கேட்டது நியாயம்தான்.

என் கடையில் அதிகம் விற்பது கனெக்டர். தமிழில் இணைப்பான் எனலாம். ஒரு போர்டையும் இன்னொரு போர்டையும், அல்லது போர்டையும் வயரையும், வேண்டும்போது சேர்த்து வேண்டாதபோது பிரிக்க உதவும் பொருள். டிரான்சிஸ்டருக்கு வரலாறு எழுதியிருக்கிறார்கள். 1947 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் அது பிறந்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஐ.சி. எனும் சில்லுக்கு ஜாக் கில்பி 2000 ஆம் ஆண்டில் நோபல் பரிசே பெற்றார். கனெக்டருக்கு மட்டும் யாரும் வரலாறு எழுதுவதாகத் தெரியவில்லை. ஆனால் ரிப்பேருக்கு வரும் பெட்டியைத் திறந்ததும் மெக்கானிக் முதலில் கைவைப்பது எங்கே? கனெக்டரைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பார்ப்பதுதான். பாதி நேரம் அதிலேயே பெட்டி ஓடத் தொடங்கிவிடும்.

ஏன் அப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரை. நான் பொறியியல் படித்தவன் அல்லன். கம்பெனிக் கேட்டலாக்குகளையும், பழைய புத்தகக் கடைகளில் கிடைத்த நூல்களையும் வைத்துக்கொண்டு நானாகக் கற்றதைத்தான் சொல்கிறேன்.

யாப்பிலக்கணத்தில் 'ஆசிடை நேரிசை வெண்பா' என்று ஒன்று உண்டு. 'ஆசு' என்பதற்கு உரையாசிரியர்கள் 'பற்றாசு' என்று பொருள் சொல்வர். இரண்டு உலோகத் துண்டுகளைச் சேர்க்க இடையில் உருக்கி வைக்கும் பொருள் பற்றாசு. இன்று சால்டர் என்கிறோமே, அதேதான். யாப்பருங்கலக் காரிகை செய்த அமிதசாகரர் நம் சமண ஆசாரியர் என்பதால் இந்தச் சொல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். பற்றாசு வைத்துச் சேர்த்தால் இணைப்பு உறுதி, ஆனால் பிரிக்க முடியாது. பிரிக்கவும் வேண்டும், உறுதியாகவும் இருக்க வேண்டும் என்ற தேவை வந்தபோதுதான் கனெக்டர் பிறந்தது.

1. வால்வும் அதன் சாக்கெட்டும்

ரேடியோ வந்த புதிதில் உள்ளே இருந்த பாகங்களை எல்லாம் கம்பி வைத்து நேரடியாகப் பற்றவைத்தார்கள். பிரிக்க வேண்டியதாக இருந்தது ஒன்றே ஒன்று, வால்வு. பல்பு மாதிரி அதுவும் ஒருநாள் எரிந்துபோகும். எனவே அதன் அடியில் ஊசிகளை வைத்து, ஊசிகளைப் பிடித்துக்கொள்ள ஒரு சாக்கெட்டை வைத்தார்கள். இன்று உலகில் பெரிய கனெக்டர் கம்பெனிகளில் ஒன்றான ஆம்ஃபினால், 1932 இல் சிகாகோவில் ஆர்தர் ஷ்மிட் என்பவரால் வால்வு சாக்கெட் செய்வதற்கென்றே தொடங்கப்பட்டது. ஃபீனாலிக் என்ற பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து அதைச் செய்தார்கள். கம்பெனியின் பெயரிலேயே அந்தப் பிளாஸ்டிக் இருக்கிறது.

வால்வு சாக்கெட்டில் பெரிய சிக்கல் இல்லை. ஊசி பருமனானது, பிடிக்கும் தகடும் தடிமனானது. எட்டு ஊசியானாலும் அழுத்தி உள்ளே தள்ளிவிடலாம். நம் தாத்தா காலத்து ரேடியோ கரகரத்தால் வால்வை லேசாக ஆட்டிவிடுவார்கள், சரியாகிவிடும். தொடும் இடத்தில் படிந்த களிம்பு அந்த ஆட்டலில் விலகிவிடும் என்பதுதான் அதன் சூட்சுமம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாச் சங்கதிக்கும் இதுவே அடிப்படை.

2. போர் தந்த பாடம்

இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. ஒவ்வொன்றிலும் வயர் இணைப்புகள் ஏராளம். ஒவ்வொன்றையும் உட்கார்ந்து பற்றவைக்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை. பற்றவைத்த இடம் விமானத்தின் அதிர்வில் விட்டுப்போகவும் செய்தது. 1941 இல் அமெரிக்காவில் அன்கஸ் விட்டக்கர் என்பவர் தொடங்கிய கம்பெனி, பற்றாசே இல்லாமல் வயரின் நுனியில் ஓர் உலோகக் குழலை மாட்டி இடுக்கியால் நசுக்கிச் சேர்க்கும் முறையைப் பரப்பியது. இதைத்தான் இன்று கிரிம்பிங் என்கிறோம். அந்தக் கம்பெனியின் பெயர் ஏர்கிராஃப்ட் மரைன் புராடக்ட்ஸ், சுருக்கமாக ஆம்ப். 1999 இல் அது டைகோ கைக்குப் போய், 2011 முதல் டி.இ. கனெக்டிவிட்டி என்ற பெயரில் இருக்கிறது.

நசுக்கினால் மட்டும் எப்படி நிற்கும் என்று கேட்கலாம். சரியான அளவில் நசுக்கும்போது இரண்டு உலோகங்களும் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. காற்று உள்ளே புக முடியாது. காற்று புகாத இடத்தில் களிம்பு ஏறாது. ஆகவே இணைப்பின் எதிரி காற்றும் ஈரமும்தான் என்பதும், அவற்றைத் தடுப்பது அழுத்தம்தான் என்பதும் அப்போதே தெளிவாகிவிட்டன.

3. பலகையின் விளிம்பே பிளக் ஆனது

வியன்னாவில் பிறந்து 1936 இல் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்ற யூதப் பொறியாளர் பால் ஐஸ்லர். கம்பிகளுக்குப் பதிலாகச் செப்புத் தகட்டைப் பலகையில் ஒட்டி, அச்சுத் தொழிலில் செய்வதைப்போல் வேண்டாத பகுதியை அமிலத்தில் கரைத்து எடுக்கும் முறையை வகுத்தவர் அவர். 1943 இல் அதற்குக் காப்புரிமை கோரினார். போர் முடிந்த பிறகு இம்முறை ரேடியோ, தொலைக்காட்சித் தொழில்களில் பரவியது. இதுவே பி.சி.பி. எனும் அச்சு மின்பலகை.

பலகை வந்ததும் புதுக் கேள்வி எழுந்தது. வெளியிலிருந்து வரும் வயரைப் பலகையோடு எப்படிச் சேர்ப்பது? ஒரு கெட்டிக்கார யோசனை தோன்றியது. பலகையின் விளிம்பு வரை செப்புக் கோடுகளை இழுத்துவிட்டால் அந்த விளிம்பே பிளக்காகிவிடும். எதிரில் ஒரு சாக்கெட் இருந்தால் போதும். இரண்டு பாகம் தேவைப்படும் கனெக்டரில் ஒரு பாகம் இலவசம்! எந்த வியாபாரிக்கும் இந்தக் கணக்குப் பிடிக்கும். ஐ.பி.எம். கம்பெனி 1959 இல் வெளியிட்ட 1401 கணிப்பொறியில் சின்னச் சின்ன அட்டைகளாக இருந்த மின்பலகைகளுக்கு விளிம்பில் 16 தொடுமுனைகள் இருந்தன. அவற்றுக்குத் தங்க முலாம் பூசியிருந்தார்கள். 1975 இல் வந்த ஆல்டேர் கணிப்பொறியில் 100 முனைகள், 1977 இல் வந்த ஆப்பிள் 2 இல் 50, 1981 இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் 62 என்று விளிம்பு கனெக்டர் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

இலவசமாக வந்ததில் ஒரு குறையும் கூடவே வந்தது. பலகை என்பது பிசினில் ஊறிய கண்ணாடி நார்த்துணி. சில மலிவுப் பலகைகள் வெறும் காகிதம். வழக்கமான 1.6 மி.மீ. தடிமன் என்றாலும் கொஞ்சம் கூடும், குறையும், வளையும். தடித்த பலகை சாக்கெட்டின் ஸ்பிரிங்கை விரித்துவிடும். பிறகு மெல்லிய பலகையை மாட்டினால் பிடிப்பு இருக்காது. அதனால்தான் பிழையே கூடாத இடங்களில் பழையபடி இரண்டு பாகக் கனெக்டருக்கே திரும்பினார்கள். ஜெர்மனியின் டின் 41612 என்ற தரத்தில் வரும் 96 முனைக் கனெக்டர் இந்த வகையைச் சேர்ந்தது. எஸ்.பி. ரோட்டில் 'யூரோ கனெக்டர்' என்று கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.

4. ராக்னர் ஹோம் கண்ட உண்மை

இரண்டு உலோகங்கள் தொடும்போது உண்மையில் என்ன நடக்கிறது? இதற்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் ராக்னர் ஹோம். பெர்லினில் சீமென்ஸ் கம்பெனியில் இருந்து ஆராய்ந்தார். மனைவி எல்ஸ ஹோமும் உடன் உழைத்தார். போருக்குப் பின் அமெரிக்கா சென்றார். அங்கே 1953 இல் தொடங்கிய ஒரு கருத்தரங்கு பிற்காலத்தில் அவர் பெயரையே பெற்றது. மின் தொடுமுனை ஆய்வாளர்கள் அதை இன்றும் நடத்தி வருகிறார்கள்.

அவர் சொன்னதன் சாரம் இது. நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகப் பரப்பு உண்மையில் மேடும் பள்ளமுமானது. இரண்டு பரப்புகளைச் சேர்த்து வைத்தால் சில மேடுகளின் உச்சி மட்டுமே ஒன்றையொன்று தொடும். அதிலும் களிம்பு இல்லாத புள்ளிகள் வழியாக மட்டுமே மின்சாரம் நன்றாகப் பாயும். முழுப்பரப்பில் இந்தப் புள்ளிகள் மிகச் சொற்பம். அழுத்தத்தைக் கூட்டினால் உச்சிகள் நசுங்கிப் புள்ளிகள் பெரிதாகும். பரப்பை அகலமாக்கினாலும் அழுத்தம் அதேதான் என்றால் பெரிய லாபமில்லை.

இதிலிருந்து கனெக்டர் செய்பவர்களுக்கு மூன்று வேலைகள் வந்தன. ஒன்று, விடாமல் அழுத்தும் ஸ்பிரிங். இதற்குப் பாஸ்பர் வெண்கலமும், அதிக விலையில் பெரிலியம் கலந்த செம்பும் பயன்படுகின்றன. வெறும் பித்தளை சூட்டில் நாளடைவில் தளர்ந்துவிடும். இரண்டு, மாட்டும்போது ஒரு முனை மற்றதன்மேல் உராய்ந்து சென்று களிம்பைத் துடைக்க வேண்டும். மூன்று, களிம்பே ஏறாத முலாம் வேண்டும்.

களிம்பு ஏறாத உலோகம் தங்கம். ஆனால் செம்பின் மேல் நேராகத் தங்கம் பூசினால் செம்பு மெல்ல ஊடுருவி மேலே வந்துவிடும். ஆகவே இடையில் நிக்கல் தேவை. நல்ல கேட்டலாக்குகளில் நிக்கல் 1.27 மைக்ரான், அதன் மேல் தங்கம் 0.76 மைக்ரான் என்று பார்க்கலாம். 0.76 மைக்ரான் என்பது தலைமயிர்ப் பருமனில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அந்த மெல்லிய போர்வையை நம்பித்தான் கணிப்பொறிகள் ஓடுகின்றன.

5. தங்கத்தின் விலை

அமெரிக்க அரசு அவுன்ஸ் 35 டாலர் என்று தங்கத்தின் விலையைக் கட்டிவைத்திருந்த காலம் 1971 இல் முடிந்தது. 1980 ஜனவரியில் அது 850 டாலரைத் தொட்டது. நகைக்கடைக்காரர்கள் மட்டுமல்லர், கனெக்டர் செய்பவர்களும் ஆடிப்போனார்கள்.

அதன் விளைவாகக் கனெக்டரின் வடிவமே மாறியது. முன்பு முனை முழுவதையும் தங்கத்தில் தோய்த்து எடுத்தார்கள். இப்போது உண்மையில் தொடும் அந்தச் சிறு இடத்துக்கு மட்டும் தங்கம், மற்ற இடத்துக்கு வெள்ளீயம் என்றாயிற்று. பல்லேடியமும் நிக்கலும் கலந்த முலாமின் மேல் பெயருக்குத் தங்கம் பூசும் முறையும் வந்தது. கடைசியாக, தங்கமே வேண்டாம், எல்லாம் வெள்ளீயம் என்ற மலிவு வகையும் பெருகியது.

வெள்ளீயத்தைக் குறைத்துப் பேசக்கூடாது. அதன்மேல் ஏறும் படலம் கண்ணாடி மாதிரி உடையக்கூடியது. அடியில் உள்ள உலோகம் மெத்தென்றது. நன்றாக அழுத்தினால் படலம் உடைந்து சுத்தமான உலோகம் வெளிவரும். தங்க முனைக்கு 50 முதல் 100 கிராம் அழுத்தம் போதும் என்றால், வெள்ளீயத்துக்கு அதைப்போல் இரு மடங்கு தேவை. அவ்வளவு கொடுத்தால் நன்றாகவே வேலை செய்யும். ஒரே நிபந்தனை, முனை அசையக் கூடாது. சூடாகிக் குளிரும்போதும் ஃபேன் அதிரும்போதும் ஒன்றிரண்டு மைக்ரான் அசைந்தாலும் போதும். ஒவ்வோர் அசைவிலும் புதுப்படலம் ஏறி, உடைந்து, தூளாகி அதே இடத்தில் சேரும். சில மாதங்களில் மின்சாரம் தடுமாறும்.

6. என் கடையிலிருந்து போன பிழை

இதையெல்லாம் நான் கற்றுக்கொள்ள நேர்ந்தது ஒரு வருத்தத்தினால்தான். வெளியே சொல்லத் தயங்கிய விஷயம். இப்போது சொல்லிவிடுகிறேன்.

1996 இல் நம் ஊரில் டி.டி.பி. அச்சகம் வைத்திருந்த தமிழ் அன்பர் ஒருவர் என்னிடம் கணிப்பொறிக்கு மெமரி வாங்கினார். அந்நாளில் அது 72 முனை விளிம்புள்ள சின்னப் பலகையாக வரும். தங்க முனை வகையும் உண்டு, வெள்ளீய முனை வகையும் உண்டு. "அண்ணே, எது நல்லது?" என்று கேட்டார். "தங்கம்தான் நல்லது, இதில் என்ன சந்தேகம்?" என்றேன். அவர் மதர்போர்டின் சாக்கெட்டில் இருந்ததோ வெள்ளீயம். நான் பார்க்கவும் இல்லை, பார்க்க வேண்டும் என்று தெரியவும் இல்லை.

ஏழு மாதம் நன்றாக ஓடியது. பிறகு போன் வந்தது. "நயினார் அண்ணே, பொட்டி மக்கர் பண்ணுது." கடைப்பையனை அனுப்பினேன். அவன் மெமரியைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் முனைகளைத் தேய்த்து மாட்டினான். ஓடியது. மூன்று வாரத்தில் மறுபடி அதே கதை. மறுபடி ரப்பர். எஸ்.பி. ரோட்டில் அப்போது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ரப்பர் களிம்பை எடுக்கும். கூடவே அந்த 0.76 மைக்ரான் தங்கத்தையும் கொஞ்சங் கொஞ்சமாகச் சுரண்டிவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கணிப்பொறியில் வயது முதிர்ந்த ஒரு புலவர் எழுதிய உரைநூல் கோக்கப்பட்டுக் கொண்டிருந்தது. ஏறக்குறைய இருநூறு பக்கம். ஆறு மாதமாகப் புலவர் வாரந்தோறும் பஸ் ஏறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் கோப்பைத் திறந்தால் பாதிக்கு மேல் வெறும் குறிகள். பிளாப்பியில் எடுத்து வைத்த நகலும் அப்படியே. அக்காலத்துச் சாதாரண மெமரிகளில் பிழை நேர்ந்தால் எச்சரிக்கும் வசதி கிடையாது. தப்பான எழுத்தைச் சரி என்றே எண்ணி எழுதிவைத்துவிடும்.

கையெழுத்துப் படி இருந்தது; மறுபடி கோத்தார்கள். ஆனால் வாயால் சொன்ன திருத்தங்கள் போனது போனதுதான். புலவருக்கு அதற்குள் கண் மங்கிவிட்டது. "போகட்டும் நயினாரே, இருக்கிறபடியே அச்சடிக்கச் சொல்லுங்கள்" என்றார். அடுத்த ஆண்டு அவர் இல்லை. நூல் வந்தது. அதில் இன்றும் உள்ள பிழைகளில் சில என் கடையிலிருந்து போனவை.

பிற்பாடு ஆம்ப் கம்பெனியின் கையேடு ஒன்று கைக்குக் கிடைத்தது. தங்க முனையை வெள்ளீய முனையோடு சேர்க்காதே என்று அதில் இருந்தது. காரணம் இதுதான்: வெள்ளீயம் மெல்ல உரிந்து தங்கத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். அங்கே அது படலமாகும். அடியில் மெத்தென்ற வெள்ளீயம் இருந்தால் அழுத்தும்போது படலம் உடையும். கடினமான தங்க முலாமின் மேல் படிந்தால் லேசில் உடையாது. அதாவது தங்கமும் தங்கமும் சரி, வெள்ளீயமும் வெள்ளீயமும் சரி, கலப்புதான் கெடுதல். உயர்ந்தது என்று நான் எடுத்துக் கொடுத்ததே அந்த இடத்துக்குத் தாழ்ந்ததாயிற்று. அதே பெட்டியில் வெள்ளீய முனை மெமரியையும் புது சாக்கெட்டுள்ள போர்டையும் மாட்டிய பிறகு தொல்லை நின்றுவிட்டது. அன்றிலிருந்துதான் சரக்கைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

7. அழுத்தாமல் நுழைத்தல்

ஒரு முனையைச் செருக 100 கிராம் விசை என்று வைத்துக்கொள்வோம். 100 முனைக் கனெக்டருக்கு 10 கிலோ ஆகிவிடும். முனை நூற்றுக்கணக்கில் பெருகினால் பலகையே வளையும். அழுத்தம் வேண்டும், ஆனால் நுழைக்கும்போது வேண்டாம் என்ற நிலை. திறந்த வாயில் சும்மா வைத்துப் பிறகு நெம்புகோலால் மூடும் 'ஜிஃப்' வகை இதற்காக வந்தது. 1990-களில் கணிப்பொறி வாங்கியவர்கள் புராசசர் சாக்கெட்டின் ஓரத்தில் சின்னக் கம்பிப் பிடி ஒன்றைப் பார்த்திருப்பார்கள். அதுவே.

எல்லா இடத்திலும் இது வெற்றியாகவில்லை. நின்டெண்டோ கம்பெனி 1985 இல் அமெரிக்காவில் விற்ற வீடியோ கேம் பெட்டியில் 72 முனைச் சாக்கெட் இருந்தது. கேசட்டை உள்ளே வைத்துக் கீழே அமுக்க வேண்டும். நாள் போகப் போக ஸ்பிரிங்குகள் தளர்ந்தன. பிள்ளைகள் கேசட்டை எடுத்து வாயால் ஊதி மாட்டினார்கள். நம் ஊரில் விற்ற போலிப் பெட்டிகளிலும் இதே ஊதல்தான். சரியானது ஊதியதால் அல்ல, கழற்றி மாட்டியபோது முனைகள் உராய்ந்ததால். ஊதிய மூச்சின் ஈரம் களிம்பைத்தான் வளர்த்தது.

8. மடங்கும் பலகை

வயரைப் பட்டையாக வைத்துக்கொள்ளும் ஆசை பழையது. ஆல்பர்ட் ஹான்சன் என்பவரின் 1903 ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் காப்புரிமையிலேயே மெழுகு பூசிய தாளில் தட்டையான உலோகப் பட்டைகளை ஒட்டும் முறை இருக்கிறது. காகிதம் பற்றவைக்கும் சூட்டைத் தாங்காது. 1960-களில் டூபான்ட் கம்பெனியின் கேப்டன் என்ற பொன்னிறப் படலம் வந்த பிறகுதான் வழி திறந்தது. பாலிஇமைடு வகையைச் சேர்ந்த அது சூட்டையும் தாங்கும், மடங்கவும் செய்யும். அதன்மேல் செப்புக் கோடுகளை அமைத்தால் ஃபிளெக்ஸ் எனும் மடங்கு பலகை தயார். 1976 இல் வந்த கேனன் ஏ.இ.1 கேமராவின் வளைந்த உடலுக்குள் மின்னணுச் சுற்றுகளை அடக்கியது இதுதான். பிறகு பிரிண்டரின் ஓடும் தலை, லேப்டாப்பின் கீல், செல்போன் என்று எங்கும் புகுந்தது.

மடங்கு பலகைக்குக் கனெக்டர் செய்வது தனிக் கலை. விறைப்பான பலகையை அழுத்தித் தள்ளலாம். தாள் போன்றதை எப்படித் தள்ளுவது? முதலில் அதன் நுனிக்கு அடியில் ஒரு தகட்டை ஒட்டி, மொத்தத் தடிமனைப் பெரும்பாலும் 0.3 மி.மீ. ஆக்குகிறார்கள். பிறகு கனெக்டர் வாயைத் திறந்து காத்திருக்க வேண்டும். நுனி உள்ளே வந்ததும் மூடி அழுத்த வேண்டும். இழுத்துத் தள்ளும் பூட்டு ஒரு வகை. சின்ன மூடியைத் தூக்கி மடக்கும் பூட்டு இன்னொரு வகை. மூடியின் அடியில் உள்ள புடைப்பு, மடக்கும்போது ஸ்பிரிங்கை நெம்பி நுனியைப் பிடிக்கச் செய்கிறது. அழுத்தம் முழுவதும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் மூடியை நம்பி நிற்கிறது.

முனைகளுக்கு இடையே பழைய கனெக்டரில் 2.54 மி.மீ. அதாவது அங்குலத்தில் பத்திலொரு பங்கு. மடங்கு பலகையில் முதலில் 1 மி.மீ., பிறகு 0.5, இப்போது 0.3. மொத்த உயரமே 1 மி.மீ. அளவில் இருக்கும். செம்புத் தொடுமுனை மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்பதும் முக்கியம். தவறி வாங்கினால் எல்லாம் பொருந்தும், மின்சாரம் மட்டும் வராது! எத்தனை வாடிக்கையாளர்கள் இதனால் மறுபடி வந்திருக்கிறார்கள் தெரியுமா?

இன்னொன்று. இந்தக் கனெக்டர்கள் பத்து முதல் முப்பது முறை வரை கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்படுகின்றன. யு.எஸ்.பி. டைப் சி பத்தாயிரம் முறை தாங்கும்படி வகுக்கப்பட்டது. உள்ளே இருப்பதை அடிக்கடி யாரும் கழற்றப் போவதில்லை என்பது தொழிற்சாலையின் கணக்கு. நம் ஊர் செல்போன் ரிப்பேர் தம்பிகளின் கணக்கு வேறு. ஒரே போனை மூன்று கடைகளில் திறந்து பார்த்தால் மூடியின் காது உடைந்துவிடும். அப்புறம் ஒட்டும் டேப்தான்.

9. காரீயம் போன பிறகு

ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை விதித்தது. நல்ல நோக்கம்தான். பழைய போர்டுகளைக் குடிசைகளில் எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுப்பவர்களின் நிலையை நேரில் பார்த்தவன் நான். உயிர்களுக்குத் தீங்கு குறைவது நல்லதே. ஆனால் வெள்ளீயத்தில் சிறிது காரீயம் கலந்திருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தூய வெள்ளீயத்தின் மேல், மயிரைவிட மெல்லிய உலோக இழைகள் தாமாகவே முளைக்கும். இந்த இயல்பு 1940-களிலிருந்தே அறியப்பட்டது. காரீயம் சில விழுக்காடு இருந்தால் அது அடங்கியிருக்கும்.

மடங்கு பலகைக் கனெக்டர்கள்தான் இதில் முதலில் அகப்பட்டன. ஸ்பிரிங் முனை வெள்ளீய முலாமில் அழுந்தி நிற்க, நசுங்கிய வெள்ளீயத்தின் ஓரத்திலிருந்து இழை முளைக்கிறது. 0.5 மி.மீ. இடைவெளியில் அடுத்த முனை மிகவும் பக்கம். இழை அதைத் தொட்டால் ஷார்ட். எந்த அழுத்தம் இணைப்பைக் காத்ததோ அதே அழுத்தம் இப்போது கெடுத்தது. மடங்கு பலகையின் நுனிக்கும் கனெக்டருக்கும் இரு பக்கமும் தங்கம் பூசுவது நல்ல தீர்வு என்று பல தொழிற்சாலைகள் திரும்பவும் தங்கத்துக்கே போயின.

நம் தமிழ்நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு. தைவானில் 1974 இல் டெரி கோ தொடங்கிய ஹோன் ஹை கம்பெனி, முதலில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பிளாஸ்டிக் குமிழ் செய்தது. 1980-களில் கணிப்பொறிக் கனெக்டர்களால் வளர்ந்தது. அதுவே ஃபாக்ஸ்கான். இன்று ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலையில் ஐபோன்களைப் பூட்டும் நம் பெண்பிள்ளைகள் நாள் முழுவதும் விரல் நுனியால் அழுத்துபவற்றில் இந்த மடங்கு பலகைக் கனெக்டர்களும் உண்டு.

முடிவுரை

இவ்வளவு வரலாற்றையும் தொகுத்துப் பார்த்தால், வால்வு சாக்கெட்டிலிருந்து செல்போன் வரை கேள்விகள் நான்குதான். என்ன உலோகம், எவ்வளவு அழுத்தம், எத்தனை முறை கழற்றுவோம், எவ்வளவு அசையும். விலை குறைந்தபோதும் உருவம் சிறுத்தபோதும் இந்த நான்கையும் புதிதாகக் கேட்க வேண்டியிருந்தது. கேட்க மறந்த இடத்தில் இயந்திரம் நின்றது. இப்போது என் கடைக்குக் கனெக்டர் கேட்டு வரும் மாணவர்களிடம், "எதிர்ப்பக்கம் என்ன முலாம் தம்பி? பார்த்துவிட்டு வா" என்று திருப்பி அனுப்புகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலருடைய தந்தையாரும் பாட்டனாரும் இவ்வூர் ஐ.டி.ஐ., பி.இ.எல்., எச்.ஏ.எல். ஆலைகளில் உழைத்தவர்கள். தொலைபேசி இணைப்பகங்களையும் ராடார்களையும் தங்கள் கையால் பூட்டியவர்கள். அவர்கள் வைத்திருந்த பயிற்சிக் குறிப்பேடுகள், கையேடுகள், கேட்டலாக்குகள் பரணில் கிடக்கலாம். பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாமல் நம் சங்க நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். எடுத்து வரச் சிரமம் என்றால் எனக்குச் சொல்லுங்கள், நானே ஆட்டோ வைத்து வந்து எடுத்துக்கொள்கிறேன். ஓலைச்சுவடிகளை ஆற்றில் விட்டதைப் பற்றி இன்றும் வருந்துகிறோம். இவையும் ஒருவகைச் சுவடிகளே.